பைத்தான் திடீர்னு கிராஷ் ஆவது ஏன்? சி மொழி தந்த டென்னிஸ் ரிட்சியின் கதை

பைத்தானில் எழுதின ஒரு புரோகிராம் மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். திடீர்னு நின்றுபோகும். எந்த வரியில் தப்பு என்று வழக்கமாகச் சொல்கிற பைத்தான், அப்போது வாயே திறக்காது. செக்மென்டேஷன் ஃபால்ட் என்று மட்டும் திரையில் வரும். இப்படிப்பட்ட கிராஷைத் தோண்டிக்கொண்டே போனால், பெரும்பாலும் பைத்தானுக்கு அடியில் இருக்கும் சி மொழிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். பலரும் பயன்படுத்துகிற பைத்தான் இன்டர்பிரட்டரே சி-யில் எழுதப்பட்டதுதான். அந்த சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி.

யார் இந்த ரிட்சி?

1941 செப்டம்பர் 9-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிட்சி, பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. ஹார்வர்டில் இயற்பியல் படித்த டென்னிஸ், அங்கேயே முனைவர் பட்டத்துக்கும் ஆய்வு செய்தார். 1968-ல் ஆய்வேடு தயார். ஆனால் பைண்ட் செய்த பிரதியை ஒப்படைக்காமலே விட்டுவிட்டதால் பட்டம் கைக்கு வரவில்லை. அதற்கு முந்தின வருஷமே அப்பா வேலை பார்த்த அதே பெல் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார்.

அங்கே சக ஊழியர் கென் தாம்சன், 1969-ல் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கினார். ரிட்சியும் கைகோத்தார். தாம்சன் உருவாக்கிய பி என்ற மொழியும் அவர்களிடம் இருந்தது. அந்த பி மொழி புரோகிராம்களும் கிட்டத்தட்ட இன்டர்பிரட்டர் முறையில்தான் ஓடின. அதாவது, கணினியின் சொந்தக் கட்டளைகளாக மாறாமல், நடுவில் ஒரு தரகர் வைத்து ஓடின. அதனால் வேகம் கிடைக்கவில்லை. எழுத்து, எண் என்ற வித்தியாசமும் பி மொழிக்குத் தெரியாது.

24 கிலோபைட் உலகம்

அடுத்து வந்தது பிடிபி-11. ஆரம்பத்தில் அதன் மெமரி வெறும் 24 கிலோபைட். அதில் பாதி ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கே போய்விடும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு போட்டோகூட அதைவிடப் பெரிசு.

இந்த நெருக்கடியில்தான் ரிட்சி பி மொழியை மாற்றி எழுத ஆரம்பித்தார். தரவு வகைகளைச் சேர்த்தார். தரகரை நீக்கி, நேரடியாக இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் கம்பைலரை எழுதினார். பெரும்பகுதி வேலை 1972-ல் முடிந்தது. அதுதான் சி. 1973-ல் யூனிக்ஸின் மையப் பகுதியே சி-யில் திரும்ப எழுதப்பட்டது.

வேகத்துக்குக் கொடுத்த விலை என்னன்னா, சி மொழி எல்லையைச் சரிபார்க்காது. பத்து இடம் ஒதுக்கிவிட்டு பதினோராவது இடத்தில் எழுதச் சொன்னால், கேள்வி கேட்காமல் எழுதிவிடும். வரப்பு இல்லாத வயலை உழுகிற மாதிரி. பக்கத்து வயலும் சேர்ந்து உழப்பட்டது, அந்த வயல்காரர் அறுவடைக்கு வரும்போதுதான் தெரியும்.

விழுந்தது ஓரிடம், அடி பட்டது வேறிடம்

பைத்தானில் ஒவ்வொரு பொருளும், தன்னை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை மெமரியில் கூடவே வைத்திருக்கும். கணக்கு பூஜ்யம் ஆனால் அந்த இடம் காலி செய்யப்படும். சி-யில் எழுதின ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் தன் எல்லை தாண்டி ஒரே ஒரு பைட் எழுதி, அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டால்? உடனே ஒன்றும் நடக்காது. பல நிமிஷம் கழித்து, குப்பை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் அந்தப் பக்கம் வந்து தடுக்கி விழும். ரிப்போர்ட்டில் பழி அதன் மேல்தான் இருக்கும்.

கிராஷ் ஆனபோது மெமரி இருந்த நிலையைப் பதிவு செய்த கோர் டம்ப் ஃபைல், விழுந்த இடத்தைத்தான் காட்டும். எந்த பைட் கெட்டது என்று கண்டுபிடித்து, அந்த முகவரிக்குக் காவல் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். யார் எழுதினாலும் டீபக்கர் அங்கேயே நிறுத்திவிடும். ஆனால் அடுத்த ஓட்டத்தில் முகவரியே மாறிப்போகலாம். ஒரு பிரிண்ட் வரி சேர்த்ததும் கிராஷ் காணாமல் போவதும் உண்டு. இதில் நாள்கணக்கில் தூக்கம் தொலைத்தவர்கள் ஏராளம்.

அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியோடு இன்டர்பிரட்டரை மறுபடி கம்பைல் செய்தால் வேலை சுலபம். ஒவ்வொரு மெமரி துண்டின் இரு பக்கமும் தொடக்கூடாத பட்டை வைத்து, எல்லை தாண்டுபவரை அந்த நொடியே பிடிக்கும். காணாமல் போன வரப்பைத் திரும்பப் போடுகிற வேலை இது. பதிலுக்கு வேகமும் மெமரியும் போகும். 24 கிலோபைட்டில் இது நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம்.

ரிட்சியின் தப்பா?

ஆபத்து 1988 நவம்பர் 2-ம் தேதி வெளிச்சத்துக்கு வந்தது. மோரிஸ் வார்ம் இணையத்தில் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, சி நூலகத்தில் இருந்த கெட்ஸ் என்ற ஃபங்ஷன். வருகிற எழுத்துகள் எத்தனை என்று பார்க்காமலே அத்தனையையும் மெமரியில் கொட்டுவது அதன் சுபாவம். வார்மை எழுதிய மாணவரின் அப்பா, பெல் ஆய்வகத்தில் ரிட்சியோடு வேலை பார்த்தவர்!

ரிட்சி மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. அவர் வடிவமைத்தது, கையளவு மெமரியில் சில நிபுணர்கள் பயன்படுத்துவதற்கான கருவி. அதை மாற்றாமல் உலகம் முழுக்கக் கொண்டுபோனது வேறு கைகள். 1990-ல் பாயிண்டரோடு அதன் அளவையும் சேர்த்து எடுத்துச்செல்லும் ஒரு யோசனையை அவரே முன்வைத்தார். தரநிலைக் குழு அந்த வழியில் போகவில்லை.

1983-ல் தாம்சனோடு சேர்ந்து டூரிங் விருது, 2011-ல் ஜப்பான் பரிசு என்று கௌரவங்கள் வந்தன. ஆனாலும் பொதுமக்களுக்குத் தெரிந்த முகமாக அவர் ஆகவே இல்லை. 2011 அக்டோபர் 12-ம் தேதி நியூஜெர்சியில் உள்ள வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. தனியாக வசித்துவந்தவர். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்ததால், இந்தச் செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. ஜாப்ஸின் ஐபோனில் ஓடுவதே யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டம்தான்.

அதே வருஷம் டிசம்பரில் சி மொழியின் புதிய தரநிலை வெளியானது. அதில் கெட்ஸ் இல்லை.