காந்தம் கவராதவற்றை ஆராய்ந்தவர்

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள எந்த வீட்டுச் சமையலறையிலும், ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். இரும்புத் தோசைக்கல்லில் காந்தம் உடனே ஒட்டிக்கொள்ளும். செப்புக் குடம், அலுமினியப் பாத்திரம், வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஆகியவற்றில் ஒட்டாது. எவர்சில்வர் பாத்திரங்களுள் சிலவற்றில் ஒட்டும். நிக்கல் மிகுதியாகக் கலந்தவற்றில் பெரும்பாலும் ஒட்டாது.

ஒட்டாத பொருள்களுக்கும் காந்தத்திற்கும் தொடர்பே இல்லை என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் சரியன்று என்பதை 1845 ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். வலிமை மிக்க காந்தம் அலுமினியத்தை மிக மெல்ல ஈர்க்கும். செம்பு, வெள்ளி, தங்கம் ஆகியவற்றை மிக மெல்ல விலக்கும். கண்ணுக்குப் புலனாகாத இத்தகைய மெல்லிய விளைவுகளைப் படிகங்களில் நுட்பமாக அளந்து உலகப் புகழ் பெற்ற தமிழர், கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1898 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். அவருடைய தந்தையார் உழவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். சொந்த ஊரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கல்வி பெற்ற கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்க் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்றுநரானார். நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்து, இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் எந்த ஐயத்தையும் கேட்டுத் தெளிவர்.

ஆராய்ச்சி வேட்கை அவரைக் கல்கத்தாவில் இருந்த சர் சி. வி. இராமனிடம் சேர்த்தது. 1928 இல் இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் கிருஷ்ணன் இராமனுடன் இணைந்து உழைத்தார். அதனை அறிவித்த முதற்கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளன. எனினும் 1930 இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அப்போது கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்து, படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். பரிசு வந்தாலும் வாராவிடினும், அவர் முன்னே விடை காண வேண்டிய வினா ஒன்று இருந்தது.

அவர் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. மயிரிழையினும் மெல்லிய குவார்ட்சு இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டி, காந்த முனைகளுக்கு இடையே தொங்கவிடுவார். படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுமாயின், அது மெல்லத் திரும்பும். அதனால் இழை முறுக்கேறும். அம்முறுக்கின் அளவைக் கொண்டு அவ்வேறுபாட்டைக் கணக்கிடுவார். துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையின் மூலப்பொருளாகிய நாப்தலீன் போன்றவற்றில், தட்டையான மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் அவருடைய ஆய்வுக்கு உள்ளாயிற்று.

1933 இல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பிப் பேராசிரியரானார். 1940 இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நாடு விடுதலை பெற்ற 1947 இல், புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். 1954 இல் பத்மபூஷண் விருது பெற்றார். அறிவியலைத் தமிழிலும் எழுதிய அப்பெருமகனார் 1961 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார்.

ஒட்டுகிறதா, ஒட்டவில்லையா என்ற வினாவோடு நம் சோதனை முடிந்துவிடுகிறது. ஒட்டாத பொருளுக்குள்ளும் அளந்தறியத்தக்க உண்மை உண்டு என்பதைக் கிருஷ்ணனின் வாழ்வு காட்டுகிறது.

சொல்லும் பொருளும்

வேட்கை – பெருவிருப்பம்
ஐயம் – சந்தேகம்
திங்கள் – மாதம்

விடையளிக்க

1. செம்பும் அலுமினியமும் காந்தத்திற்கு உட்படும் விதத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. கிருஷ்ணன் படிகத்தை இழையில் தொங்கவிட்டது ஏன்?
3. காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் மட்டும் ஒரு நகையைத் தங்கம் என்று கூறலாமா? காரணம் எழுதுக.