போன் லிடார் முதல் ஈர்ப்பு அலை வரை: ஒளியையே அளவுகோலாக்கிய மைக்கேல்சன் யார்?

சில ஸ்மார்ட்போன்களின் பின்பக்கக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கறுப்பு வட்டம் இருக்கும். அதுதான் லிடார் சென்சார். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, எதிரில் இருக்கும் பொருளின் தூரத்தைச் சொல்லும். ஓட்டுநர் இல்லாத கார்கள், நில அளவைக் கருவிகள், நிலவில் இறங்கும் விண்கலங்கள் எல்லாம் இதே மாதிரிதான் தூரம் பார்க்கின்றன.

கேட்க ரொம்ப எளிது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கையெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளையும் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொருளையும் ஒரே முறையில் துல்லியமாக அளக்க முடியாது. தூரம் மாறினால் முறையும் மாற வேண்டும். இதை லேசர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே செய்து காட்டியவர் ஆல்பர்ட் ஆபிரகாம் மைக்கேல்சன்.

யார் இந்த மைக்கேல்சன்?

1852-ல் பிரஷ்யாவின் ஸ்ட்ரெல்னோ ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. கலிஃபோர்னியா, நெவாடா சுரங்க ஊர்களில் அப்பா கடை வைத்திருந்தார். மகன் வளர்ந்ததும் அங்கேதான்.

அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் சேர முயன்றபோது நெவாடாவுக்கான இடம் வேறொருவருக்குப் போனது. பையன் விடவில்லை. வாஷிங்டனுக்கே போய் அதிபர் கிராண்ட்டைப் பார்த்தார். அதிபர் தன் பங்கில் தரக்கூடிய இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அப்படியும் சிறப்பு அனுமதியில் 1869-ல் உள்ளே போனார். 1873-ல் படிப்பை முடித்து, பிறகு அங்கேயே அறிவியல் பாடம் நடத்தினார்.

முதல் அளவு: சுமார் 600 மீட்டர்

வகுப்பில் காட்ட ஒரு செய்முறை தேவைப்பட்டது. சுழலும் கண்ணாடியை வைத்து ஒளியின் வேகத்தை அளக்கும் ஃபூக்கோவின் சோதனையை எடுத்தார். ஒளி கண்ணாடியில் பட்டு தூரப்போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி கொஞ்சம் திரும்பியிருக்கும். எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் நேரம் தெரியும். நேரமும் தூரமும் தெரிந்தால் வேகம் தெரியும்.

ஃபூக்கோ சில மீட்டர் தூரத்தில்தான் செய்தார். மைக்கேல்சன் அதைச் சுமார் 600 மீட்டராக நீட்டினார். மாமனார் கொடுத்த 2,000 டாலரில் கருவிகள் வாங்கி, 1879-ல் கிடைத்த விடை: விநாடிக்கு 2,99,910 கி.மீ. அப்போது அவருக்கு வயது 26. அன்றைக்கு இருந்ததிலேயே நம்பகமான அளவு அதுதான்.

உலகம் மறக்காத 'தோல்வி'

ஒளி ஈதர் என்ற ஊடகத்தின் வழியாகப் பாய்கிறது என்று அப்போது விஞ்ஞானிகள் நம்பினார்கள். அப்படியானால் பூமி அதற்குள் ஓடும்போது, திசைக்குத் திசை ஒளியின் வேகத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும், இல்லையா? அதைப் பிடிக்க மைக்கேல்சன் ஒரு கருவி செய்தார். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரு பாதைகளில் அனுப்பி, திரும்பச் சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரியும். ஒரு பாதை அலைநீளத்தில் ஒரு சின்னப் பங்கு மாறினாலும் கோடுகள் நகரும். இதுதான் இன்டர்ஃபெரோமீட்டர்.

வேலைப்பளு அவரைச் சாய்த்தது. 1885-ல் மனநலம் பாதிக்கப்பட்டுச் சில மாதங்கள் சிகிச்சையில் இருந்தார். மீண்டு வந்து, எட்வர்டு மார்லியுடன் சேர்ந்து 1887-ல் கிளீவ்லேண்டில் சோதனையை முடித்தார். பாதரசத்தில் மிதக்கும் கல் பலகைமேல் கருவியை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எதிர்பார்த்த நகர்வில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

மைக்கேல்சனுக்கு அது ஏமாற்றம். 1905-ல் ஐன்ஸ்டீன் ஈதரே தேவையில்லை என்று காட்டிய பிறகும், அவர் ஈதரை முழுசாகக் கைவிடவில்லை. ஆனால் கருவி காட்டியதை மாற்றி எழுதவும் இல்லை. நம்பிக்கை ஒருபக்கம், அளவு ஒருபக்கம் என்று நேர்மையாகப் பிரித்து வைத்தார்.

ஒரு மீட்டருக்குள் எத்தனை அலை?

1892-93-ல் பாரிஸ் அருகே செவ்ரில், மீட்டர் என்ற அளவையே ஒளி அலையால் எண்ணினார். காட்மியத்தின் சிவப்பு ஒளியில் ஒரு மீட்டருக்குள் 15,53,163.5 அலைநீளங்கள் அடங்கும் என்பது விடை.

பதினைந்து லட்சம் கோடுகளை உட்கார்ந்து எண்ண முடியுமா? அதனால் ஒன்பது இடைநிலை அளவுகோல்களைச் செய்தார். சின்னது 0.39 மில்லிமீட்டர். அடுத்தடுத்தவை அதற்கு முந்தையதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. பெரியது 10 சென்டிமீட்டர். சின்னதில் கோடுகளை எண்ணிக்கொண்டு, அதை வைத்து அடுத்ததை ஒப்பிட்டு, படிப்படியாக மேலே போனார். பெரிய அளவு எங்கே இருக்கிறோம் என்று சொல்லும், சின்ன அளவு துல்லியம் தரும். இந்த உத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

1907-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலில் நோபல் வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். பரிசு கிடைத்தது ஈதர் சோதனையின் முடிவுக்காக அல்ல, துல்லியமான ஒளியியல் கருவிகளுக்கும் அவற்றால் செய்த அளவீடுகளுக்கும்!

போர்க்கப்பல், நட்சத்திரம், மலை

முதல் உலகப் போரில் அறுபது வயதைத் தாண்டியும் கடற்படைக்குத் திரும்பினார். எதிரிக் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் தூரமானி ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார்.

1920-ல் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் 6 மீட்டர் நீள இன்டர்ஃபெரோமீட்டரைப் பொருத்தினார்கள். அதில் திருவாதிரை நட்சத்திரத்தின் விட்டம் அளக்கப்பட்டது. சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்தின் விட்டத்தை நேரடியாக அளந்தது அதுவே முதல்முறை.

அடுத்தது மலை. மவுண்ட் வில்சனுக்கும் சான் ஆன்டோனியோ மலைக்கும் இடையே சுமார் 35 கி.மீ. அந்தத் தூரத்தை அமெரிக்க நில அளவைத் துறை தனியாக அளந்து கொடுத்தது. விநாடிக்கு 500 தடவைக்கு மேல் சுழலும் எட்டுமுகக் கண்ணாடியில் பட்ட ஒளி, எதிர்மலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுத்த முகம் அதே இடத்துக்கு வந்து நிற்கும். 1926-ல் வந்த விடை 2,99,796 கி.மீ. இன்றைய மதிப்போடு வித்தியாசம் நான்கு கி.மீ.கூட இல்லை.

கடைசி ஒரு மைல்

அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. நடுவில் இருக்கும் காற்று ஒளியைத் தாமதப்படுத்துகிறதே! அதற்காக கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா அருகே ஒரு மைல் நீளக் குழாய் போட்டு, காற்றை வெளியேற்றி, உள்ளே ஒளியை விட்டார்கள். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, 1931 மே 9 அன்று 78 வயதில் மைக்கேல்சன் காலமானார்.

பீஸ், பியர்சன் இருவரும் வேலையை முடித்தார்கள். 1935-ல் வெளியான விடை 2,99,774 கி.மீ. உண்மையான மதிப்பைவிட சுமார் 18 கி.மீ. குறைவு. காற்றை நீக்கியும், மலையில் கிடைத்ததைவிடத் தவறான விடை! குழாய்க்குள் எடுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஏறி இறங்கின. ஒரு பிழையை நீக்கினால் வேறொரு பிழை ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். 1940களின் இறுதியில் புதிய முறைகள் வந்த பிறகுதான் எண் சரியானது.

இன்றைய லிடாரில் அவர் எங்கே?

தூரம் தெரிந்தால் ஒளியின் வேகம் கிடைக்கும். அதையே திருப்பிப் போட்டால், வேகம் தெரிந்தால் தூரம் கிடைக்கும். லிடாரின் அடிப்படை அவ்வளவுதான்.

- ரொம்பத் தூரம்: லேசர் துடிப்பு போய்த் திரும்பும் நேரம் அளக்கப்படும். நேரத்தில் ஒரு நானோ விநாடி பிசகினால் தூரத்தில் 15 செ.மீ. பிசகும். ஒரே சுவர் 5 மீட்டருக்குப் பதில் 50 மீட்டரில் இருந்தால், திரும்பும் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். பக்கத்துப் பொருளின் ஒளி சென்சாரைத் திணறடிக்கும், தூரத்துப் பொருளின் ஒளி இரைச்சலில் காணாமல் போகும். அதனால் நேரம் ஆக ஆக உணர்திறனைக் கூட்டுவார்கள், பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள்.

- நடுத்தரத் தூரம்: ஒளியின் பிரகாசத்தை அலைபோல ஏற்றி இறக்கி, திரும்பும் அலை எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்ப்பார்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அலையில் 15 மீட்டருக்கு ஒருமுறை அதே விடை திரும்ப வரும். 2 மீட்டரா, 17 மீட்டரா என்று குழப்பம். தீர்வு, ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள். நீளமான அலை இடத்தைச் சொல்லும், குட்டையான அலை துல்லியம் தரும். செவ்ரில் மைக்கேல்சன் செய்த அதே உத்தி!

- மிக நுண்ணிய மாற்றம்: இங்கே இன்டர்ஃபெரோமீட்டர்தான். 2015-ல் ஈர்ப்பு அலையை முதன்முதலில் பிடித்த லைகோ, 4 கி.மீ. நீளக் கைகள் கொண்ட மைக்கேல்சன் கருவியேதான்.

1983-ல் ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிர்ணயிக்கப்பட்டு, மீட்டரின் வரையறை அதன்மேல் கட்டப்பட்டது. மைக்கேல்சன் ஐம்பது வருடம் துரத்திய அந்த எண்ணை இனி யாரும் அளக்க வேண்டியதில்லை. மற்ற எல்லாத் தூரத்தையும் அளக்கும் கோல் இப்போது அதுதான்.