லூசி டிக்ஸ் ஸ்லோ

லூசி டிக்ஸ் ஸ்லோ (ஜூலை 4, 1883 – அக்டோபர் 21, 1937) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கல்வியாளரும் பல்கலைக்கழக நிர்வாகியும் ஆவார். இவர் 1922 முதல் 1937 வரை வாசிங்டன் நகரிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மகளிர் முதன்மையராகப் (டீன்) பணியாற்றினார். ஹோவர்டில் இப்பதவிக்கு நியமிக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இவரே. மாணவியரின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் காவல் பணியாகக் கருதப்பட்ட இப்பதவியைத் தனிப் பயிற்சி தேவைப்படும் கல்விப் பணியாக மாற்ற முயன்றவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவில் தேசிய அளவிலான விளையாட்டுப் பட்டம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணும் இவரே.

இளமை

ஸ்லோ வர்ஜீனியா மாநிலத்தின் பெரிவில் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது பிறந்த ஆண்டு பல நூல்களில் 1885 எனக் குறிக்கப்பட்டுள்ளது. பிற்கால ஆய்வுகள் 1883 எனக் கொள்கின்றன. இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். சில ஆண்டுகளில் தாயையும் இழந்தார். பின்னர் தந்தையின் உடன்பிறந்தவரான மார்த்தா பிரைஸ் இவரை லெக்சிங்டன் என்னும் ஊரில் வளர்த்தார். லூசிக்கு 13 வயதானபோது குடும்பம் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் அந்நகரின் பள்ளிகள் இன அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப்பள்ளியில் பயின்ற லூசி, 1904 ஆம் ஆண்டில் வகுப்பில் இரண்டாமிடம் பெற்றுத் தேறினார்.

ஹோவர்டில் மாணவியாக

உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்த அதே ஆண்டில் உதவித்தொகை பெற்று ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் 1867 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம், கறுப்பின மக்களின் உயர்கல்விக்குத் தலைமையிடமாக விளங்கியது. படிக்கும் காலத்தில் மாணவியர் டென்னிசுக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1908 சனவரி 15 அன்று தொடங்கப்பட்ட ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்னும் மாணவியர் சங்கத்தின் நிறுவனர்களுள் இவரும் ஒருவர். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் தமக்கென அமைத்துக்கொண்ட கிரேக்க எழுத்துச் சங்கங்களுள் இதுவே முதலாவதாகும். இதன் முதல் தலைவராகவும் ஸ்லோ பொறுப்பேற்றார். அதே ஆண்டில் வகுப்பில் முதல் மாணவியாகப் பட்டம் பெற்றார்.

ஆசிரியப் பணியும் டென்னிசும்

பட்டம் பெற்றபின் பால்டிமோர் திரும்பி, தாம் பயின்ற உயர்நிலைப்பள்ளியிலேயே ஆங்கில ஆசிரியரானார். கோடை விடுமுறைகளில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1915 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே வாசிங்டன் நகரின் ஆம்ஸ்ட்ராங் தொழிற்பயிற்சி உயர்நிலைப்பள்ளியில் பணியில் சேர்ந்தார்.

வெள்ளையரின் டென்னிசு அமைப்புகள் அக்காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே அவர்கள் அமெரிக்க டென்னிசுக் கூட்டமைப்பு என்னும் தனி அமைப்பை ஏற்படுத்தினர். அவ்வமைப்பு 1917 இல் பால்டிமோரில் நடத்திய முதல் தேசியப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டத்தை ஸ்லோ வென்றார்.

1919 இல் வாசிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான முதல் இளநிலை உயர்நிலைப்பள்ளி தொடங்கப்பட்டபோது, அதனை உருவாக்கி வழிநடத்தும் பொறுப்பு ஸ்லோவிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் பள்ளியிலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வழியாக ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றையும் ஏற்பாடு செய்தார். இனப்பிரிவினை நிலவிய அந்நகரில் கறுப்பின ஆசிரியர்களும் வெள்ளை ஆசிரியர்களும் இவ்வகுப்பில் பங்கேற்றனர்.

மகளிர் முதன்மையர் பதவியின் பின்னணி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் சேரத் தொடங்கிய 19 ஆம் நூற்றாண்டில், அவர்களின் நடத்தைக்குப் பெற்றோரின் இடத்திலிருந்து கல்லூரியே பொறுப்பு என்னும் கருத்து நிலவியது. விடுதித் தலைவிகள் எனப்பட்ட பெண்கள் மாணவியரின் போக்குவரத்தைக் கண்காணித்தனர். மாலையில் எந்நேரத்திற்குள் திரும்ப வேண்டும், யாருடன் வெளியே செல்லலாம், எத்தகைய உடை அணியலாம் என்பனவெல்லாம் விதிகளாக இருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பொறுப்பு மகளிர் முதன்மையர் என்னும் பதவியாக வளர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பாடங்களும் கற்பிக்கப்பட்டன.

கறுப்பினக் கல்லூரிகளில் இத்தகைய கட்டுப்பாடுகள் மேலும் கடுமையாக இருந்தன. கறுப்பினப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி வெள்ளையர் சமூகம் பரப்பிய இழிவான கருத்துகளுக்கு அஞ்சி, மாணவியர்மீது சிறு பழியும் வந்துவிடக் கூடாதென நிர்வாகங்கள் கருதின. இந்நிலைக்கு மாணவரிடையே எதிர்ப்பும் எழுந்தது. டென்னசி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் கடும் விதிகளை எதிர்த்து 1925 இல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டில் ஹோவர்டிலும் கட்டாயப் படைப்பயிற்சி தொடர்பாக மாணவர் வேலைநிறுத்தம் நடைபெற்றது.

ஹோவர்டில் மகளிர் முதன்மையர்

1922 இல் ஹோவர்டின் தலைவராக இருந்த ஸ்டான்லி டர்க்கி, ஸ்லோவை இப்பதவிக்கு அழைத்தார். ஸ்லோ உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சில நிபந்தனைகளை முன்வைத்தார். பேராசிரியர் தகுதி, மாணவியர் தொடர்பான கொள்கைகளை வகுக்கும் அதிகாரம், அலுவலக உதவியாளர், வளாகத்திற்கு வெளியே தம் சொந்த இல்லத்தில் வாழும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். விடுதியில் தங்கினால் தம்மை விடுதித் தலைவியாகவே பல்கலைக்கழகம் நடத்தும் என்பதை அவர் அறிந்திருந்தார். நிபந்தனைகள் ஏற்கப்பட்டபின் பதவியில் சேர்ந்தார்.

ஒழுக்க விதிகளைப் பற்றி ஸ்லோ கொண்டிருந்த கருத்து அக்காலத்திற்குப் புதியது. கண்காணிப்பில் இருக்கும்வரை மட்டும் ஒழுங்காக நடக்கும் மாணவி, பட்டம் பெற்று வெளியே சென்றதும் தன் வாழ்க்கையைத் தானே நடத்த இயலாதவளாக இருப்பாள் என்று அவர் கருதினார். எனவே தண்டனையைவிட அறிவுரைக்கும், தடையைவிடப் பொறுப்பை ஒப்படைப்பதற்கும் முதன்மை அளித்தார். மாணவியர் தம் அமைப்புகளைத் தாமே நடத்தப் பழக்கினார். விடுதிகளை உறங்கும் இடங்களாக மட்டுமன்றிக் கல்வி பயிலும் இடங்களாகவும் கருதினார். இசை நிகழ்ச்சிகளையும் சொற்பொழிவுகளையும் ஏற்பாடு செய்தார். இவர் தொடங்கிய மகளிர் விருந்து மாணவியரையும் முன்னாள் மாணவியரையும் ஒன்றுசேர்த்தது. இவரது நீண்டகால முயற்சியின் விளைவாக 1931 இல் மாணவியருக்கென மூன்று புதிய விடுதிகள் திறக்கப்பட்டன.

ஸ்லோ 1933 இல் நீக்ரோ கல்வி ஆய்விதழில் கறுப்பினப் பெண்களின் உயர்கல்வி பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினார். மாணவியர் பலர் தாமாக முடிவெடுக்கப் பழகாத குடும்பச் சூழலிலிருந்து வருகின்றனர் என்றும், கல்லூரிகளும் மிகுதியான கட்டுப்பாடுகளால் அதே நிலையை நீட்டிக்கின்றன என்றும் அதில் சுட்டிக்காட்டினார். பொருளியல், அரசியல், உளவியல் போன்ற பாடங்களை மாணவியர் கூடுதலாகப் பயில வேண்டும் என்பதும் அவரது வாதமாகும்.

முறையீடு ஒன்றும் அதன் விளைவும்

1926 இல் மோர்டெக்காய் ஜான்சன் ஹோவர்டின் முதல் கறுப்பினத் தலைவராகப் பொறுப்பேற்றார். பல்கலைக்கழகத்தைப் பெரிதும் வளர்த்தவர் என ஜான்சன் போற்றப்படுகிறார். ஆயினும் அவருக்கும் ஸ்லோவுக்கும் இடையிலான உறவு விரைவில் கசந்தது.

1927 இல் மாணவி ஒருவரின் தந்தை, வகுப்பில் பேராசிரியர் ஒருவர் தகாத சொற்களைப் பயன்படுத்துவதாக ஸ்லோவிடம் முறையிட்டார். ஸ்லோ இச்செய்தியைக் கல்லூரி முதன்மையரிடம் தெரிவித்து, தம் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். எனினும் செய்தி பேராசிரியருக்கு எட்டியது. அவர் ஸ்லோவை இழிவாகச் சாடிக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தை ஸ்லோ தலைவரிடம் அளித்தும், பேராசிரியர்மீது கடுமையான நடவடிக்கை எடுக்கப்படவில்லை. தமது ஊதிய உயர்வு தடைப்பட்டதும் பிற இன்னல்கள் தொடங்கியதும் இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே என்று ஸ்லோ பிற்காலத்தில் பதிவு செய்தார்.

மாணவரின் ஒழுக்கத்தை ஆராயும் அதிகாரிக்கு ஆசிரியரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும் உரிமை உண்டா என்னும் கேள்வி இந்நிகழ்ச்சியில் அடங்கியிருந்தது. மாணவியரின் பாதுகாப்பும் தம் பொறுப்பே என ஸ்லோ கருதினார்.

பின்னர் முதன்மையர்கள் கூடிக் கொள்கைகளைத் தீர்மானிக்கும் கூட்டங்களிலிருந்து ஸ்லோ விலக்கப்பட்டார். ஆண் முதன்மையர்களைவிடக் குறைந்த ஊதியமே அவருக்கு வழங்கப்பட்டது. புதிய விடுதிகள் திறக்கப்பட்டபின், அவர் வளாகத்திற்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என 1933 இல் நிர்வாகம் வலியுறுத்தியது. இது 1922 உடன்பாட்டுக்கு மாறானது என்றும், ஆடவர் முதன்மையருக்கு இத்தகைய கட்டளை இல்லை என்றும் ஸ்லோ மறுத்துரைத்தார். முன்னாள் மாணவியரும் பிற கல்லூரிகளின் பெண் கல்வியாளர்களும் அவருக்கு ஆதரவாக நின்றனர். நாடகாசிரியரும் ஆசிரியருமான மேரி பர்ரில் என்பவருடன் 1922 முதல் புரூக்லாண்டு பகுதியில் வாழ்ந்துவந்த இல்லத்திலேயே ஸ்லோ தம் இறுதிக்காலம் வரை வாழ்ந்தார்.

அமைப்புப் பணிகள்

ஒரு பல்கலைக்கழகத்தில் தனியாகப் போராடுவது போதாது என்பதை உணர்ந்த ஸ்லோ, நாடளாவிய அமைப்புகளை உருவாக்குவதில் ஈடுபட்டார். 1923 இல் தோன்றிய கல்லூரி மகளிர் தேசியச் சங்கத்தின் முதல் தலைவராகப் பணியாற்றினார். கறுப்பினக் கல்லூரிகள் பயிற்சி பெற்ற மகளிர் முதன்மையர்களை நியமிக்க வேண்டும் என்று இச்சங்கம் வலியுறுத்தியது.

1929 இல் பல கல்லூரிகளின் மகளிர் முதன்மையர்களையும் ஆலோசகர்களையும் ஹோவர்டில் கூட்டினார். கறுப்பினக் கல்வி நிறுவனங்களின் மகளிர் முதன்மையர்களுக்கான சங்கம் இதிலிருந்து உருவாயிற்று. ஸ்லோ அதன் தலைவரானார். தனித்தனியே பணியாற்றிய பெண்கள் ஆண்டுதோறும் கூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள இச்சங்கம் உதவியது. 1935 இல் மேரி மெக்லியாட் பெத்யூன் நீக்ரோ மகளிர் தேசிய மன்றத்தை நிறுவியபோது அதன் முதல் செயலாளராகவும் ஸ்லோ பொறுப்பேற்றார்.

மறைவும் நினைவும்

1937 இல் நோய்வாய்ப்பட்ட ஸ்லோ, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று வாசிங்டனில் காலமானார். மேரிலாந்து மாநிலத்தின் சூட்லாண்டிலுள்ள லிங்கன் நினைவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கறுப்பினப் பெண் அரசு ஊழியர்களுக்காக இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வாசிங்டனில் கட்டப்பட்ட விடுதி ஒன்றுக்கு ஸ்லோவின் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் அது ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியாயிற்று. அவர் வாழ்ந்த பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியும் அவர் பெயரில் இயங்கி 2008 இல் மூடப்பட்டது. அவரது கடிதங்களும் அறிக்கைகளும் ஹோவர்டின் மூர்லாண்டு-ஸ்பிங்கார்ன் ஆய்வு நடுவத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

1960களில் அமெரிக்க நீதிமன்றங்களின் தீர்ப்புகளாலும் மாணவர் இயக்கங்களாலும், பெற்றோரின் இடத்திலிருந்து கல்லூரி மாணவரைக் கட்டுப்படுத்தும் முறை வலுவிழந்தது. பல பல்கலைக்கழகங்களில் மகளிர் முதன்மையர், ஆடவர் முதன்மையர் ஆகிய பதவிகள் ஒன்றாக்கப்பட்டு மாணவர் முதன்மையர், மாணவர் நடத்தை அலுவலர் போன்ற பதவிகள் உருவாயின. மாணவரைப் பொறுப்புள்ளவராக ஆக்குவதே ஒழுங்கு நடவடிக்கையின் நோக்கம் என இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள கருத்தை ஸ்லோ 1920களிலேயே வலியுறுத்தியிருந்தார். பல்கலைக்கழகம் விட்டுவரச் சொல்லியும் அவர் விட்டுச்செல்ல மறுத்த புரூக்லாண்டு இல்லம், 2020 இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.