பெர்த்தா பென்ஸ் அம்மையார்

மோட்டார் வண்டியை உருவாக்கியவர் கார்ல் பென்ஸ் என்று நூல்களில் படிக்கிறோம். அவ்வண்டி மேடேறுவதற்கு வழி சொன்னவர் அவருடைய மனைவி பெர்த்தா அம்மையார் என்பதைப் பலர் அறியார்.

இவர் 1849ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் ஊரில் பிறந்தார். கார்லின் பட்டறை கடனில் மூழ்கும் நிலையில் இருந்தபோது, திருமணத்திற்கு முன்பே தம் சீதனப் பணத்தைக் கொடுத்து அதனைக் காப்பாற்றினார். 1872இல் இருவரும் மணம் புரிந்தனர். 1886இல் கார்ல் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் அதை நம்பி வாங்குவோர் அரிதாகவே இருந்தனர். குடும்பத்தின் செல்வமெல்லாம் அவ்வண்டியில்தான் முடங்கிக் கிடந்தது.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் அதிகாலையில், கணவரிடம் சொல்லாமலே அம்மையார் வண்டியை வெளியே எடுத்தார். மூத்த மகன் ஆய்கனுக்கு வயது 15. இளையவன் ரிச்சர்டுக்கு 13. இருவரையும் அழைத்துக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீட்டை நோக்கிப் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் ஓடியதில்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோஹ் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை போக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்ததும், செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் செய்தார்.

மேடுகள்தாம் பெருந்தொல்லை தந்தன. அவ்வண்டியில் இயந்திரத்தின் விசை தோல் பட்டையின் வழியே ஓர் அச்சுக்கும், அங்கிருந்து சங்கிலிகள் வழியே பின்சக்கரங்களுக்கும் சென்றது. கைநெம்புகோலைத் தள்ளினால் பட்டை சும்மா சுழலும் உருளையிலிருந்து அச்சோடு பிணைந்த உருளைக்கு நகரும், வண்டி ஓடும். சமதரையில் இது போதுமானது. செங்குத்தான ஏற்றத்திலோ இயந்திரம் திணறியது. இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

மாலையில் ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாள் கழித்துத் திரும்பியபோது, ஏற்றங்களுக்கென்று இன்னொரு கியர் வேண்டும் என்று கார்லிடம் எடுத்துரைத்தார். இயந்திரம் பலமுறை சுழல, சக்கரம் மெல்லச் சுழல வேண்டும். வேகம் குறைந்தாலும் இழுவிசை கூடும். கார்லும் அவ்வாறே கியரைச் சேர்த்தார். இன்றும் மலைப்பாதையில் ஓட்டுநர் கியர் தண்டைப் பிடித்து வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது இதே தத்துவப்படிதான்.

1944ஆம் ஆண்டு, 95ஆவது பிறந்த நாளன்று கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவரைக் கௌரவித்தது. இரண்டு நாள் கழித்து அவர் காலமானார்.

அன்புத் தோழியரே! அம்மையார் பொறியியல் கல்லூரியில் பயின்றவர் அல்லர். ஆனால் வந்த இடையூறுகளைக் கண்டு திரும்பிவிடவில்லை. குறை எங்கே என்று உற்று நோக்கினார், அதைத் தயங்காமல் சொன்னார். நாமும் அவ்வாறு நோக்கவும் சொல்லவும் பழகுவோமாக.