ஜோன் மேனார்ட் கெயின்ஸ்

ஜோன் மேனார்ட் கெயின்ஸ் (ஜூன் 5, 1883 – ஏப்ரல் 21, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியலாளர் ஆவார். 1936 இல் வெளிவந்த வேலைவாய்ப்பு, வட்டி, பணம் ஆகியவற்றின் பொதுக் கோட்பாடு என்னும் நூலின் மூலம் பேரினப் பொருளியலுக்கு அடித்தளம் இட்டவராகப் பரவலாக அறியப்படுகிறார். அனைத்துலக நாணய நிதியமும் உலக வங்கியும் உருவாக வழிகோலிய 1944 ஆம் ஆண்டின் பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டில் பிரித்தானியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. பொதுக் கோட்பாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே தேவைப்படும் என்பதால், நாடுகளுக்கிடையிலான பொருளாதார ஒத்துழைப்புக்காக இவர் ஆற்றிய பணிகளே இங்கு விரிவாகக் கூறப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஜோன் நெவில் கெயின்ஸ் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தருக்கவியலும் பொருளியலும் கற்பித்தவர். தாய் புளோரன்ஸ் ஏடா கெயின்ஸ் 1932 இல் அந்நகரின் மேயரானார். பெற்றோர் இருவருமே மகனுக்குப் பின்னரும் வாழ்ந்தனர். ஈட்டன் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்ற கெயின்ஸ் 1905 இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். பொருளியலில் இவர் பட்டம் எதுவும் பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியா அலுவலகம்

1906 இல் குடிமைப் பணித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்று இலண்டனில் இருந்த இந்தியா அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கு இவருக்குத் தரப்பட்ட முதற் பணிகளுள் ஒன்று, பத்து அயர்ஷயர் காளைகளைப் பம்பாய்க்குக் கப்பலில் அனுப்பிவைப்பது. வேலையில் சலிப்புற்று 1908 இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினாலும், இந்தியாவின் நாணய முறை இவரை விடவில்லை. இவரது முதல் நூலான இந்திய நாணயமும் நிதியும் 1913 இல் வெளிவந்தது. உள்நாட்டில் பொற்காசுகள் புழங்க வேண்டியதில்லை, வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்கு மட்டும் பொன்னோ பொன்னுக்கு ஈடான அந்நியச் செலாவணியோ இருந்தால் போதும் என்பது அந்நூலின் வாதம். அதே ஆண்டு இந்திய நிதி குறித்த அரச ஆணைக்குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆயினும் வாழ்நாளில் ஒருமுறைகூட இவர் இந்தியாவுக்கு வந்ததில்லை.

பாரிஸ் அமைதி மாநாடு

முதல் உலகப் போரின்போது 1915 இல் பிரித்தானிய நிதித்துறையில் சேர்ந்த கெயின்ஸ், 1919 இல் பாரிஸ் அமைதி மாநாட்டுக்கு அத்துறையின் முதன்மைப் பிரதிநிதியாகச் சென்றார். அக்காலத்தில் கடன்கள் சங்கிலிபோல் பிணைந்திருந்தன. பிரான்ஸ் பிரித்தானியாவுக்கும், இரண்டுமே அமெரிக்காவுக்கும் கடன்பட்டிருந்தன. ஜெர்மனியிடம் பெறும் இழப்பீட்டைக் கொண்டே இக்கடன்களை அடைக்க முடியும் என்று வென்ற நாடுகள் எண்ணின. நேச நாடுகள் தமக்குள் உள்ள போர்க்கடன்களைத் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும் என்பதும், ஜெர்மனி வெளியிடும் கடன் பத்திரங்களுக்குப் பிற நாடுகள் உத்தரவாதம் அளித்து ஐரோப்பிய வணிகத்தை மீண்டும் இயங்கச் செய்ய வேண்டும் என்பதும் கெயின்ஸின் யோசனைகளாக இருந்தன. அமெரிக்கா இதனை ஏற்கவில்லை.

1919 ஜூனில் பதவி விலகிய இவர், அவ்வாண்டின் இறுதியிலேயே அமைதியின் பொருளாதார விளைவுகள் என்னும் நூலை வெளியிட்டார். ஜெர்மனியால் அதிகப்படியாக 200 கோடி பவுண்டு வரையே செலுத்த இயலும் என்று அதில் கணக்கிட்டிருந்தார். 1921 இல் இழப்பீடு 13,200 கோடி பொன் மார்க்காக, அதாவது ஏறத்தாழ 660 கோடி பவுண்டாக, நிர்ணயிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி ஒருபோதும் செலுத்தப்படவில்லை. தலைவர்களைக் கேலிச் சித்திரமாகத் தீட்டிய பகுதிகளாலேயே நூல் பரபரப்பாக விற்றது. எனினும் அதன் வலு அதிலுள்ள கணக்கில்தான் இருக்கிறது.

இரு போர்களுக்கு இடையில்

1925 இல் அப்போதைய நிதி அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்னும் போருக்கு முந்தைய மதிப்பிலேயே பிரித்தானியாவைப் பொன் திட்டத்துக்குத் திருப்பினார். அது ஏற்றுமதியையும் கூலியையும் நசுக்கும் என்று கெயின்ஸ் எதிர்த்தார். 1931 இல் பிரித்தானியா பொன் திட்டத்தைக் கைவிட்டது. அதே 1925 இல் உருசிய பாலே நடனக் கலைஞர் லிடியா லொப்பொகோவாவை மணந்தார்.

பெருமந்தத்தின்போது ஒவ்வொரு நாடும் சுங்க வரியை உயர்த்தியும் நாணய மதிப்பைக் குறைத்தும் தன் சுமையை அண்டை நாட்டின் மீது தள்ள முயன்றது. 1933 இல் இலண்டனில் கூடிய உலகப் பொருளாதார மாநாடு தோல்வியில் முடிந்தது. பொன்னுக்கு நிகரான தாள்களை நாடுகளுக்கு வழங்கும் ஓர் அனைத்துலக அமைப்பு வேண்டும் என்று கெயின்ஸ் அவ்வாண்டிலேயே எழுதியிருந்தார். அப்போது அதற்குச் செவிசாய்ப்பார் இல்லை.

தீர்வக ஒன்றியத் திட்டம்

1937 இல் கடும் மாரடைப்புக்கு உள்ளான கெயின்ஸ், 1940 இல் ஊதியமற்ற ஆலோசகராக நிதித்துறைக்குத் திரும்பினார். 1941 இல் அனைத்துலகத் தீர்வக ஒன்றியம் என்னும் திட்டத்தின் முதல் வரைவை எழுதினார். இத்திட்டம் 1943 ஏப்ரலில் வெளியிடப்பட்டது.

இதன் அடிப்படை எளிமையானது. ஒரு நாட்டின் வணிக உபரி இன்னொரு நாட்டின் பற்றாக்குறை. உலகம் முழுவதையும் கூட்டினால் விடை சுழியம். ஆகவே வங்கிகள் ஒன்றன்மீது ஒன்று எழுதப்பட்ட காசோலைகளைத் தீர்வகத்தில் நேர்செய்துகொள்வதைப் போல, நாடுகளின் மைய வங்கிகளும் ஒரே பேரேட்டில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அக்கணக்குக்கான அலகுக்கு அவர் பாங்கோர் என்று பெயரிட்டார். ஒவ்வொரு நாட்டுக்கும் போருக்கு முந்தைய வணிகத்தின் அளவைப் பொறுத்து ஓர் ஒதுக்கீடு உண்டு.

இத்திட்டத்தின் புதுமை கட்டண விதியில் இருந்தது. ஒரு நாட்டின் சராசரி இருப்பு, அது பற்றாயினும் வரவாயினும், ஒதுக்கீட்டில் காற்பங்கைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம். அரைப்பங்கைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு மேலும் 1 விழுக்காடு. எடுத்துக்காட்டாக ஒதுக்கீடு 100 கோடி பாங்கோர் எனவும் இருப்பு 60 கோடி எனவும் கொண்டால், 35 கோடிக்கு 1 விழுக்காடும் 10 கோடிக்கு இன்னொரு 1 விழுக்காடும் சேர்த்து 45 இலட்சம் செலுத்த வேண்டும். 60 கோடி கடன்பட்ட நாடும் இதையே செலுத்தும், 60 கோடி சேர்த்துவைத்த நாடும் இதையே செலுத்தும். கடனாளி மட்டுமே வயிற்றைக் கட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்னும் பழைய வழக்கத்தை இவ்விதி மாற்ற முயன்றது. போர் முடிந்ததும் பிரித்தானியா பெரும் கடனாளியாக இருக்கும் என்பதை அறிந்தே அவர் இதை எழுதினார் என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்க நிதித்துறையின் ஹாரி டெக்ஸ்டர் வைட் வேறொரு திட்டத்தை முன்வைத்தார். அதன்படி நாடுகள் பொன்னையும் சொந்த நாணயத்தையும் ஒரு நிதியில் இட வேண்டும், இட்ட தொகையைப் பொறுத்தே கடன் பெறலாம். உலகின் பெரும் உபரி நாடான அமெரிக்கா, எல்லை தெரியாத பொறுப்பை ஏற்கத் தயாராக இல்லை.

பிரெட்டன் வூட்ஸ்

1944 ஜூலை 1 முதல் 22 வரை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிரெட்டன் வூட்ஸில் உள்ள மவுண்ட் வாஷிங்டன் விடுதியில் 44 நாடுகள் கூடின. நிதியம் பற்றிய குழுவுக்கு வைட்டும், வங்கி பற்றிய குழுவுக்குக் கெயின்ஸும் தலைமை தாங்கினர். முதன்மையான நிதியத்திலிருந்து கெயின்ஸ் இவ்வாறு விலக்கி வைக்கப்பட்டார் என்பது பலரது கருத்து. நிதியத்தின் மொத்த ஒதுக்கீடு 880 கோடி டாலர். இதில் அமெரிக்காவின் பங்கு 275 கோடி, பிரித்தானியாவின் பங்கு 130 கோடி. வாக்கு வலிமையும் பெரும்பாலும் இதனைச் சார்ந்தே அமைந்தது. ஓர் அவுன்ஸ் பொன் 35 டாலர் என்னும் மதிப்பில் டாலரே முறையின் நங்கூரமாயிற்று.

பாங்கோரும் உபரிக் கட்டணமும் இடம்பெறவில்லை. அவற்றின் எச்சமாக, ஒரு நாட்டின் நாணயம் நிதியத்தில் தட்டுப்பட்டால் அந்நாட்டுடனான செலாவணிக்குப் பிறர் கட்டுப்பாடு விதிக்கலாம் என்னும் விதி மட்டும் சேர்க்கப்பட்டது. அது ஒருமுறையும் நடைமுறைப்படுத்தப்படவில்லை.

இந்தியாவின் ஸ்டெர்லிங் நிலுவை

மாநாட்டுக்கு வந்த இந்தியக் குழுவில் ஜெரமி ரெய்ஸ்மன், சி. து. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராப் ஆகியோருடன், பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதி அமைச்சரான கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். போர்க்காலத்தில் இந்தியா அளித்த பொருட்களுக்காகப் பிரித்தானியா தர வேண்டிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிச் சென்றது. அதில் ஒரு பகுதியையாவது பிற நாணயங்களாக மாற்ற நிதியம் உதவ வேண்டும் என்று இந்தியக் குழு கோரியது. இது இரு நாடுகளும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயம் என்று கெயின்ஸ் மறுத்துவிட்டார். கடன்கொடுத்த நாடுகள் அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் அவரது நிலைப்பாடு. வங்காளப் பஞ்சத்துக்கு மறு ஆண்டில், ஓர் ஏழை நாட்டிடம் இதை எதிர்பார்த்தது அவரது வரலாற்றில் எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

அமெரிக்கக் கடன்

1945 ஆகஸ்டில் அமெரிக்காவின் கடன்-குத்தகை உதவி திடீரென நிறுத்தப்பட்டது. கெயின்ஸ் வாஷிங்டன் சென்று மானியமோ வட்டியற்ற கடனோ பெற முயன்றார். மூன்று மாதப் பேச்சுக்குப் பின் கிடைத்தது 2 விழுக்காடு வட்டியில் 375 கோடி டாலர். பவுண்டை டாலராகத் தடையின்றி மாற்ற அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1947 ஜூலையில் அவ்வாறு அனுமதித்தபோது டாலர் இருப்பு கரைந்து, ஐந்து வாரங்களில் நிறுத்த நேர்ந்தது. இக்கடனின் இறுதித் தவணை 2006 டிசம்பரில்தான் செலுத்தப்பட்டது.

சவானாவும் இறப்பும்

1946 மார்ச்சில் ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் இரு நிறுவனங்களின் ஆளுநர்களும் முதன்முறையாகக் கூடினர். தலைமையகங்கள் அரசியலிலிருந்து சற்றே விலகி நியூயார்க்கில் அமைய வேண்டும் என்று கெயின்ஸ் வாதிட்டார். அமெரிக்கா வாஷிங்டனையே முடிவு செய்தது. இயக்குநர்கள் முழுநேரப் பணியாளர்களாக உயர்ந்த ஊதியம் பெறுவதையும் அவர் எதிர்த்துத் தோற்றார். திரும்பும் வழியில் தொடருந்திலேயே உடல்நலம் குன்றியது. ஏப்ரல் 21 அன்று சசெக்ஸில் உள்ள தில்டன் இல்லத்தில் காலமானார்.

பின்னர்

நிதியம் 1947 மார்ச்சில் செயற்படத் தொடங்கியது. 1969 இல் அது உருவாக்கிய சிறப்பு எடுப்புரிமை என்னும் கணக்கலகு ஓரளவு பாங்கோரை ஒத்தது. 1971 ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்குப் பொன் தருவதை நிறுத்தியதால் பிரெட்டன் வூட்ஸ் நாணய முறை குலைந்தது, ஆனால் இரு நிறுவனங்களும் நிலைத்தன. 2009 மார்ச்சில், உலக நிதி நெருக்கடியின் நடுவே, சீன மைய வங்கியின் அப்போதைய ஆளுநர் சோ சியாவ்சுவான் எந்த நாட்டையும் சாராத ஒதுக்கு நாணயம் தேவை எனக் கூறும்போது கெயின்ஸின் பாங்கோரை நினைவுகூர்ந்தார். உபரி நாடுகள் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் பகுதியை அவர் எடுத்துப் பேசவில்லை.