மூத்த மாணவர் ஷெவ்ரல்

சென்ற பருவத்தில் இலுப்பை எண்ணெயிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தேன். பலமுறை படிகமாக்கியும் அதன் உருகுநிலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் தூய பொருள் என்று எழ்திக் கையொப்பமும் இட்டேன். அதைப் பார்த்த பேராசிரியர், ஷெவ்ரலின் வரலாற்றைப் படித்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னார். படித்தேன். அந்தப் பெரியவரின் வாழ்வை நம் மன்றத்து அன்பர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் 1786 ஆகஸ்ட் 31இல் பிரான்ஸ் நாட்டின் ஆன்ஷே நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது குழந்தைக்கு மூன்று வயதும் நிறையவில்லை. 1803இல் பாரிஸ் சென்று, வொக்லேன் என்னும் வேதியியல் அறிஞரிடம் மாணவராகவும் பின்னர் உதவியாளராகவும் அமர்ந்தார்.

1811இல் ஒரு சோப்பு மாதிரி அவரிடம் ஆய்வுக்கு வந்தது. பன்றிக் கொழுப்பும் பொட்டாஷும் சேர்த்துக் காய்ச்சியது அது. கொழுப்பு முழுவதும் காரத்தோடு அப்படியே கூடிச் சோப்பாகிறது என்பது அக்காலத்தவர் கருத்து. ஷெவ்ரல் சோப்பில் அமிலத்தை ஊற்றினார். மேலே மிதந்து வந்தது பழைய கொழுப்பன்று. முத்துப்போல் ஒளிரும் ஓர் அமிலம்! எஞ்சிய நீரில் இனிப்பான கிளிசரின் இருந்தது. ஷீலே அதனை முன்னரே கண்டிருந்தார். அதற்குக் கிளிசரின் என்று பெயரிட்டவர் ஷெவ்ரலே.

பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கொழுப்பை விட்டு அகலவில்லை. அமிலமும் கிளிசரினும் சேர்ந்த எடை, தொடக்கத்தில் எடுத்த கொழுப்பின் எடையைவிடச் சற்று மிகுதியாக இருக்கக் கண்டார். பிரியும்போது நீரும் சேர்கிறது என்பது அதன் பொருள். இன்று நாம் கொழுப்பை எஸ்டர் என்றும், அது நீரேற்று அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரிகிறது என்றும் எளிதாக எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரியின் அடியில் கிடப்பது அவருடைய தராசு. ஸ்டீரிக், ஒலியிக், பியூட்டிரிக் அமிலங்களை வேறுபடுத்திக் காட்டி, 1823இல் தம் பெருநூலை வெளியிட்டார்.

ஏழை வீடுகளில் அந்நாளில் கொழுப்பு மெழுகுதிரியே எரிந்தது. புகையும் நாற்றமும் மிகுதி. கிளிசரினை நீக்கிய திண்ம அமிலத்தால் திரி செய்ய 1825இல் கே-லுசாக்குடன் சேர்ந்து காப்புரிமை பெற்றார். அவர்களுக்கு அதில் ஆதாயம் கிட்டவில்லை. பின்னர் வந்தோர் முறையைத் திருத்தி அந்த ஒளியை வீடுதோறும் ஏற்றினர்.

ஒரு பொருள் தூயதா என்றறிய உருகுநிலையை உரைகல்லாக்கியவர்களில் ஷெவ்ரல் முதன்மையானவர். அந்த உரைகல்லே அவரை ஏமாற்றியது. முத்துப்போல் ஒளிர்ந்த அமிலத்துக்கு முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் மார்கரிக் அமிலம் என்று பெயரிட்டிருந்தார். 1850களில் ஹைன்ட்ஸ் என்னும் ஜெர்மானியர், அது தனிப்பொருளன்று, பால்மிட்டிக், ஸ்டீரிக் அமிலங்களின் கலவை என்று காட்டினார். ஷெவ்ரல் கண்ட தனிப்பொருள் மறைந்தது. மார்கரின் என்ற பெயரில் அதன் நிழல் மட்டும் கடைகளில் நிற்கிறது.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே என் அமிலத்தை மெத்தில் எஸ்டராக்கி, வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தினேன். தாளில் ஒன்றன்று, இரண்டு முகடுகள் எழுந்தன! அதே பால்மிட்டிக்கும் ஸ்டீரிக்கும்தான்.

ஒரு பிழையால் ஷெவ்ரலின் கட்டடம் சரியவில்லை. கொழுப்பின் அமைப்பைப் பற்றி அவர் சொன்னது நிலைத்தது. 1824 முதல் கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கண்காணித்தார். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839இல் நூலாக்கினார். முதுமையிலும் தம்மைப் பிரான்சின் மூத்த மாணவர் என்றே சொல்லிக்கொண்டார். நூறாவது பிறந்தநாளை நாடு கொண்டாடியது. 1889 ஏப்ரல் 9இல், 102ஆம் வயதில் மறைந்தார். ஈஃபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களுள் அவருடையதும் ஒன்று.

தூய பொருள் என்ற சொற்களை அடித்துவிட்டுக் கலவை என்று எழுதினேன். பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டி, அடுத்த சோதனைக்குத் தேதி குறித்தார்.