அசரியா அத்தியட்சரும் திருச்சபை ஒருமையும்

பேட்டையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர், நெல்லை நகரைக் கடந்து, தாமிரபரணியாற்றின் மேற் கட்டப்பெற்ற பாலத்தின் வழியே பாளையங்கோட்டையை அடைவர். சுலோசன முதலியார் என்னும் பெருந்தகை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1843-ஆம் ஆண்டில் முடித்த பாலம் அது. அதற்கு முன் வெள்ளக் காலத்தில் இக்கரையார் அக்கரை சேர்தல் அரிதாயிருந்தது. பாலம் அமைந்தபின் இரு கரைகளும் இருந்தபடியே யிருந்தன. ஆயினும் இரண்டு ஊரும் ஓரூர் போலாயின. மக்கட் கூட்டத்தாரிடையேயும் இத்தகைய பாலம் அமைத்தவர் சிலர் உளர். அவருள் நம் சமூகத்துத் தோன்றிய ஒருவராகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா அத்தியட்சரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம். நம் சங்கத்தில் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். அவர் சமயம் யாதாயினும், அவர் செயல் நம் அனைவர்க்கும் பாடமாம்.

அசரியா, 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள், இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்ததும் அன்று திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்திருந்ததுமான வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்து சமயத்தினின்று கிறிஸ்து மார்க்கம் தழுவிக் குருவானவராகப் பணியாற்றியவர். அன்னையார் எல்லன் அம்மையார். நெடுநாள் ஆண்மகவு வேண்டி யிருந்து பெற்ற பிள்ளையாதலின் சாமுவேல் என்று பெயரிட்டனர். இளமையிலேயே தந்தையை இழந்த அசரியாவை, இறைபற்றும் கண்டிப்பும் ஒருங்கே வாய்ந்த அன்னையாரே வளர்த்து ஆளாக்கினார்.

அவர் பிறந்த காலத்துத் திருநெல்வேலித் திருச்சபையின் நிலையை அறிந்தாலன்றி அவர் பணியின் அருமை விளங்காது. பாளையங்கோட்டையில் 1820 முதல் தொண்டாற்றிய ரேனியஸ் ஐயர், சபை ஒழுங்குகளைப் பற்றி லண்டன் சங்கத்தாருடன் மாறுபட்டு 1835-இல் பிரிந்தார். அவர் வழி நின்ற சபைகளும், பழைய சங்கத்தின் வழி நின்ற சபைகளுமாக ஊர்கள் இருகூறாயின. 1838-இல் அவர் மறைந்தபின்னரே பிளவு ஆறத் தொடங்கிற்று. பின்னர் 1857-இல் நாசரேத்தை அடுத்த முக்குப்பேரியில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பார், ஐரோப்பிய மிஷனெரிமாரின் மேலாண்மையைப் பொறாது வெளியேறி, இந்து கிறிஸ்தவ சபை எனத் தனியே ஒன்று நிறுவினார். அவர் நம் சமூகத்தவர். கல்வியும் தன்மானமும் மிக்கவர். நம் குலத்தாரைப் பற்றி மிஷனெரிமார் சிலர் இழிவாக எழுதியதும் பேசியதும் அவர் உள்ளத்தைப் புண்படுத்தின. அப்புண் பொய்யன்று.

இவையன்றி, ஒரே ஆங்கிலத் திருச்சபைக்குள்ளேயே சி. எம். எஸ்., எஸ். பி. ஜி. என இரு சங்கங்கள் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. மெய்ஞ்ஞானபுரம் ஒன்றற்கு, நாசரேத்தும் இடையன்குடியும் மற்றொன்றற்கு. 1877-இல் கால்டுவெல் ஐயரும் சார்ஜெண்டு ஐயரும் ஒரே நாளில் உதவி அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபோதும், முன்னவர் எஸ். பி. ஜி. சபைகட்கும், பின்னவர் சி. எம். எஸ். சபைகட்குமாகவே நியமிக்கப்பெற்றனர். இவற்றின் அடியில், எந்த ஐரோப்பியரும் கொண்டுவராததும் நாமே வளர்த்ததுமாகிய சாதிப் பிரிவு வேரூன்றி யிருந்தது. ஒரே கோயிலில் ஒரே இறைவனை வணங்கியோர் ஒரே பந்தியில் அமர மறுத்தனர்.

அசரியா மெய்ஞ்ஞானபுரத்திலும் நெல்லையிலும் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் கற்றார். தேர்வுக் காலத்தில் நோயுற்றமையால் பி. ஏ. பட்டம் பெற்றிலர். பிற்காலத்தில், 1920-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது என்பதை நம் மாணாக்கர் நினைவிற் கொள்வாராக. நெல்லையில் மாணவராயிருந்த காலத்திலேயே, சாதி வேறுபாடு பாராது உடனிருந்துண்ணும் மாணவர் கூட்டமொன்றை ஏற்படுத்துவதில் அவர் முன்னின்றார். பிற்காலத்து அவர் செய்த பெருஞ் செயலுக்கு வித்து இதுவேயாம்.

1895 முதல் வை. எம். சி. ஏ. சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1898-இல் அன்பு மரியம்மாள் என்னும் கற்ற பெண்மணியை மணந்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் பொருளைக்கொண்டே பிறநாட்டிற்குத் தொண்டரை அனுப்புதலைக் கண்டு வியந்தார். தம் நாட்டார் அங்ஙனம் செய்யாமைக்கு நாணினார். அந்நாணத்தின் பயனாக 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியர் பொருள், இந்தியர் உழைப்பு, இந்தியர் ஆட்சி என்பதே அதன் கொள்கை. 1905-இல் செராம்பூரில் பல சபையாரும் கூடி அமைத்த தேசிய மிஷனெரி சங்கத்திற்கும் அவர் உயிராயிருந்தார். 1909-இல் குருப்பட்டம் பெற்று, திருநெல்வேலிச் சங்கத்தின் பணிக்களமாகிய, இன்று தெலங்கானா மாநிலத்திலுள்ள தோர்ணக்கலுக்குத் தாமே சென்றார். மனைவியும் மக்களுமாய்ச் சென்று, தெலுங்கு கற்று, மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ச் சுற்றினார்.

1910-இல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. அசரியாவிற்கு அப்போது வயது முப்பத்தாறும் நிரம்பவில்லை. ஐரோப்பியப் பெரியோர் நிறைந்த அவையில், மிஷனெரிமாருக்கும் இந்திய ஊழியர்க்கும் இடையே நின்ற விலகலை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். வந்தவர் செய்த தியாகத்தையும் கொடையையும் நன்றியோடு போற்றினார்; ஆயினும் தம் மக்கள் வேண்டுவது சமமாக அமரும் நட்பே என முடித்தார். அவையிற் சிலர் மகிழ்ந்தனர், சிலர் சினந்தனர். ஈண்டு நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். சட்டம்பிள்ளையவர்கள் உள்ளத்தைப் புண்படுத்திய குறையே அசரியா உள்ளத்தையும் வருத்திற்று. முன்னவர் வெளியேறினார், பின்னவர் உள்ளேயிருந்து, உரியவர் முகத்தெதிரே உரைத்தார். வெளியேறியவரைப் பழித்தல் எளிது. அவரை வெளியேறச் செய்தவர் குற்றத்தை மறத்தலும் எளிது. உள்ளேயிருந்து உண்மை கூறுதலே அரிது.

சென்னை அத்தியட்சர் வைட்ஹெட், அசரியாவை அத்தியட்சராக்க முயன்றபோது, ஐரோப்பியரிடமிருந்தும் இந்தியக் கிறிஸ்தவரிடமிருந்தும் எதிர்ப்பெழுந்தது. இந்தியர் ஒருவரின்கீழ் ஐரோப்பியர் பணிசெய்வது எங்ஙனம் என்றனர் சிலர். அவர் பிறந்த சாதியும் சிலர்க்குத் தடையாகத் தோன்றிற்று. இவற்றையெல்லாம் கடந்து, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாள் கல்கத்தாவில் தூய பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே.

தோர்ணக்கலில் அவரை எதிர்நோக்கியது தாம் நெல்லையிற் கண்ட அதே நோய். அங்குச் சபையிற் சேர்ந்தோருட் பெரும்பாலார் மாலர், மாதிகர் என்னும் இரு குலத்தார். இருவரும் ஊராரால் ஒதுக்கப்பட்டோர். ஆயினும் ஒருவரை யொருவர் ஒதுக்கினர். ஒரு குலத்தார்க்கென ஒரு சபை அமைத்துவிட்டால் தொல்லையில்லை எனப் பிறர் எண்ணக்கூடும். அத்தியட்சர் அவ்வழியை ஏற்றிலர். திருவிருந்தின் பாத்திரம் ஒன்றே. அதனை அணுகுவோரும் ஒருவரே எனக் கற்பித்தார். இந்நெறி எல்லா ஊரிலும் வென்றதென்று சொல்லுதற்கில்லை. ஆயினும் அவர் காலத்தில் அத்திருமண்டலத்துக் கிறிஸ்தவர் தொகை பெருகி இரண்டு லட்சத்தைக் கடந்தது. தோர்ணக்கலில் அவர் எழுப்பி 1939-இல் பிரதிட்டை செய்வித்த பேராலயம், இந்துக் கோயிலின் தூண்களையும் இஸ்லாமியரின் கவிகைகளையும் கிறிஸ்தவக் குறிகளோடு ஒன்றுபடுத்தி நிற்பது.

இனி அவரது தலையாய பணிக்கு வருவோம். தென்னாட்டுச் சபைகள் ஆங்கிலிக்கர், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலார், மெதடிஸ்தர் எனப் பிரிந்து கிடந்தன. இப்பிரிவுகள் நம் நாட்டிற் பிறந்தனவல்ல. மேனாட்டில் முந்நூறு நானூறு ஆண்டுகட்கு முன்னர் அரசராலும் அறிஞராலும் எழுந்த வழக்குகளின் எச்சமே அவை. மிஷனெரிமார் தமக்குள் எல்லை வகுத்துக்கொண்டமையால், ஒரு கிராமத்தான் எச்சபையான் என்பது அவன் கொள்கையைப் பொறுத்ததன்று. அவன் பிறந்த ஊரையே பொறுத்தது. பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக ஒன்றுபட்டிருந்தனர்.

1919-ஆம் ஆண்டு மே மாதம், 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய தரங்கம்பாடியில், ஆங்கிலத் திருச்சபையாரும் ஐக்கிய சபையாருமாக முப்பத்துமூவர் கூடினர். அவருள் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். அசரியா அவர்களுள் முதல்வராய் நின்றார். வேதாகமம், இரு விசுவாசப் பிரமாணங்கள், இரு சாக்கிரமெந்துகள், வழிவழி வந்த அத்தியட்சர் பணி ஆகிய நான்கனையும் அடிப்படையாகக் கொண்டு ஒன்றுபட வேண்டுமென முடிவு செய்து அறிக்கை வெளியிட்டனர்.

முடிவு செய்தல் இரண்டு நாளில் நிகழ்ந்தது. நிறைவேற்றல் இருபத்தெட்டு ஆண்டு கொண்டது. அத்தியட்சரால் பட்டம் பெறாத குருமாரின் பணி செல்லுமோ என்பதே பெரிய முடிச்சு. மீண்டும் பட்டம் பெறுக என்றால் ஐக்கிய சபையார் தம் முன்னோரின் பணியை இழித்ததாகும். வேண்டா என்றால் ஆங்கிலத் திருச்சபையார் தம் மரபைக் கைவிட்டதாகும். பல்லாண்டு ஆராய்ந்து கண்ட வழி இது: இணையும் நாளில் உள்ள குருமார் அனைவரும் அவ்வாறே ஏற்கப்படுவர், அதன்பின் பட்டம் பெறுவோர் யாவரும் அத்தியட்சரால் பெறுவர், முப்பது ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகி வளரும், எச்சபையின் மனச்சான்றுக்கும் மாறாக ஒரு குருவானவர் திணிக்கப்படார். இரு திறத்தாரும் சிறிது விட்டுக்கொடுத்தனர். எவரும் தம் நெஞ்சறியத் தோற்றிலர். திட்டத்தின் முதல் வரைவு 1929-இல் வெளிவந்து பலமுறை திருத்தப்பட்டது. 1927-இல் லோசான் நகரில் கூடிய மாநாட்டில், பிரிவினை மேனாட்டார்க்கு ஆராய்ச்சிப் பொருளாயினும் இந்தியச் சபைக்கு வாழ்வும் சாவுமான செய்தி என்பதை அசரியா விளக்கினார். 1930-இல் லாம்பெத்திலும் அதற்காகவே வாதாடினார்.

இடையே நிகழ்ந்த ஒன்று நம் சங்கத்தார் சிந்தித்தற்குரியது. 1932-இல் ஆங்கில அரசாங்கத்தார் வகுப்புவாரித் தீர்ப்பின்படி இந்தியக் கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி அளித்தனர். தம் கூட்டத்தார்க்கு வந்த ஊதியத்தை அசரியா ஏற்றிலர். சபை தனித்தொகுதி பெறின், அதுவும் மற்றுமொரு சாதியாய்ச் சுருங்கிவிடும் என அஞ்சி எதிர்த்தார். தம்மவர்க்கு வரும் உரிமையை இங்ஙனம் ஆராய்ந்து மறுத்தவர் எத்துணைப் பேர்?

1945-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் தோர்ணக்கலில் அத்தியட்சர் மறைந்தார். அம்மாதத்திலேயே, சென்னை, தோர்ணக்கல், திருநெல்வேலி, திருவிதாங்கூர்–கொச்சி ஆகிய நான்கு திருமண்டலங்களும் ஒன்றிப்பிற் சேர அவர் சபையின் பொதுப் பேரவை இசைந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் நாள், சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அத்தியட்சர் ஆட்சியுடைய சபையும் அஃதில்லாத சபைகளும் இங்ஙனம் ஒன்றானமை உலகிற்கே புதிதாயிருந்தது. நட்டவர் கனி கண்டிலர். அன்றியும், அவருடைய திருமண்டலத்தைச் சார்ந்த நந்தியாலப் பகுதியினர் பலரே ஒன்றிப்பிற் சேர மறுத்து நின்றனர் என்பதையும் மறைத்தல் தகாது. ஒருமை, ஒருவர் வாழ்நாளிற் செய்து முடித்து ஓய்வதன்று. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் செய்வது.

இன்றைய நிலை யாது? அத்திருச்சபை இருபதிற்கு மேற்பட்ட திருமண்டலங்களோடு விளங்குகின்றது. கடல் கடந்து வந்த வேலிகள் அகன்றன. ஆயின் நாமே இட்ட வேலி அகன்றதா? திருமண்டலத் தேர்தல் வந்தால் ஊரும் குடும்பமும் குலமும் பார்த்துக் கட்சி பிரிதலும், சகோதரர் வழக்கை நீதிமன்றம் தீர்த்தலும் நாம் காணாதனவல்ல. கோயில் நிருவாகத்திலும் சங்க நிருவாகத்திலும் இந்நோய் இல்லையென்று நம்முள் எவரும் சொல்லார். வள்ளுவனார் உட்பகைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை இதனை யுணர்ந்தே போலும்.

குலத்தின் பெயராற் கூடும் நாம், குல வேலியைக் கடந்த ஒருவரை நம்மவர் எனப் பாராட்டுதல் பொருந்துமோ என்று வினவலாம். பொருந்தும்; ஆயின் ஒரு நிபந்தனையோடு. 1889-இல் விருதுபட்டியில் நம் முன்னோர் மகமைப் பணத்தால் எழுப்பிய பள்ளி, எல்லாக் குலத்துப் பிள்ளைகட்கும் திறந்தே யிருந்தது. சேர்த்தது ஒரு கூட்டத்தார், பயன் ஊரார்க்கு. திருநெல்வேலியிற் சேர்த்த காணிக்கை தெலுங்கு நாட்டார்க்குச் சென்றதும் அவ்வாறே. சங்கம் இவ்வகையினதாயின், அசரியா அத்தியட்சரை நம்மவர் என்னும் உரிமை நமக்குண்டு. பிறரை விலக்குதற்கே கூடுவோமாயின், அவர் படத்தை நம் மன்றத்தில் மாட்டுதற்கும் நாம் தகுதியற்றவராவோம்.

ஆதலின் அன்பர்காள், அடுத்த தேர்தலில், அடுத்த பந்தியில், அடுத்த வழக்கிற்கு முன், அவரை ஒருமுறை நினைப்போமாக.